நீந்தும் நீரும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சொல்லின் சுவையறிந்தோர் பலர் பேசிச் சென்ற மேடை இது. நாற்பது ஆண்டுகள் ஆலைக் கொதிகலன்களுக்கு நீரைப் பதப்படுத்திக் கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் இரசாயனக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபொழுது நானும் அவ்வாறே எண்ணினேன். "கம்பனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, குளோரினைப் பற்றிச் சிறிது தெரியும்" என்றேன். "அப்படியானால் நம் நீச்சல் குளத்தைப் பற்றியே பேசுங்கள், சென்ற கோடையில் நடந்தது பலருக்கு இன்னும் விளங்கவில்லை" என்றார் அவர். அதனால் வந்தேன். விளக்கம் சொல்ல மட்டுமன்று, ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

நம்மில் மூத்தவர்கள் நீச்சல் கற்றது கிணற்றிலும், வாய்க்காலிலும், ஏரிக்கரை மதகடியிலும்தான். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டித் தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். அந்த நீருக்கு யாரும் மருந்து போட்டதில்லை. அந்த நீர் தூயது என்று நான் சொல்லவில்லை. அதில் குளித்து நோயுற்றவர்களும் உண்டு. ஆனால் ஆற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கும். கிணற்று நீர் இறைக்கப்பட்டு ஊறிக்கொண்டே இருக்கும். நம் குடியிருப்புக் குளத்தின் நிலை வேறு. 25 மீட்டர் நீளமும், பன்னிரண்டரை மீட்டர் அகலமும், சராசரி ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உடையது அது. ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். ஏப்ரலில் நிரப்பிய அதே நீரில்தான் கோடை முழுவதும் நாள்தோறும் இருநூறு பேர் இறங்குகிறார்கள். வடிகட்டி தூசியை நீக்கும். கரைந்துவிட்டதை வடிகட்டி நீக்காது. அந்த வேலை முழுவதும் குளோரினுடையது.

குளோரின் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு அதன் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1774ஆம் ஆண்டில் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு மருந்தாளர் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி அது ஒரு தனிமம் என்று காட்டி, அதன் இளம்பச்சை நிறத்தை வைத்துப் பெயரிட்டார். இடையே 1799இல் கிளாஸ்கோ நகரத்து டெனன்ட், நீற்றிய சுண்ணாம்பில் இவ்வாயுவை ஏற்றித் துணி வெளுக்கும் தூளாக்கினார். இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்வது அதுவே. 1847இல் வியன்னாவின் பிரசவ விடுதியில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு நீரில் கைகழுவிவிட்டுத்தான் தாய்மாரைத் தொடவேண்டும் என்று கட்டளையிட்டார். பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் சட்டென்று குறைந்தன. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்கு இடைவிடாது குளோரின் சேர்க்கத் தொடங்கியது. இதே குளோரின்தான் 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் நகர்ப் போர்முனையில் நச்சுப் புகையாக மனிதர்மேல் ஏவப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. தாயைக் காத்ததும் அதுவே, படைவீரனைக் கொன்றதும் அதுவே. எவ்வளவு, எங்கே, எதனுடன் சேர்ந்து என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இனி நம் குளத்துக்கு வருவோம்.

சென்ற ஆண்டு மே மாதம் இரண்டாம் வாரத்தில் குழந்தைகள் கண் சிவந்து வீடு திரும்பலாயினர். குளத்தருகே சென்றாலே மூக்கில் ஏறும் ஒரு நெடி. சிலருக்கு இருமல். நம் அன்பர் ஒருவரின் பத்து வயது மகளுக்கு இளைப்பு நோய் உண்டு. நீந்தினால் மூச்சு வலுப்படும் என்று மருத்துவர் சொன்னதன்பேரிலேயே அவளை அனுப்பிவந்தார்கள். ஒருநாள் மாலை அவள் குளத்திலிருந்து ஏறியதும் மூச்சுத் திணறி, அன்றிரவை மருத்துவமனையில் கழிக்க நேர்ந்தது. மறுநாள் தாய்மார்கள் திரண்டு குளக் குழுவிடம் வந்தார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரைக் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஸாஹப், தவாய் தேஜ் ஹோ கயீ" என்றார். மருந்து காரமாகிவிட்டது என்பது அவர் தீர்ப்பு. எல்லாருடைய தீர்ப்பும் அதுவாகவே இருந்தது.

குழுவில் இரசாயனம் படித்தவன் நான் ஒருவனே. என்னைப் பார்த்தார்கள். குளத்தில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. சிறு குழாயில் நீரெடுத்து ஆர்த்தோடாலிடின் என்னும் கரைசலில் சில துளிகள் விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறம் ஆழமாக ஆழமாகக் குளோரின் மிகுதி என்று பொருள். நான் விட்டுப் பார்த்தேன். பளிச்சென்ற மஞ்சள். அட்டையில் ஒப்பிட்டால் 2க்குச் சற்று மேல். அஃதாவது பத்து லட்சம் பங்கு நீரில் இரண்டு பங்கு குளோரின். "ஆம், சற்று அதிகந்தான், பாதியாகக் குறைத்துவிடுங்கள்" என்றேன்.

அன்பர்களே, நான் சொன்னது தவறு. இந்தத் துறையில் தலைநரைத்தவன் செய்யக்கூடாத தவறு.

அந்த மஞ்சள் நிறம் நீரில் உள்ள குளோரின் முழுவதையும் காட்டும். அதில் எவ்வளவு வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறது, எவ்வளவு ஏற்கெனவே வேலை செய்து களைத்துக் கட்டுண்டு கிடக்கிறது என்பதைக் காட்டாது. முன்னதற்குத் தனிக் குளோரின் என்றும், பின்னதற்குக் கட்டுண்ட குளோரின் என்றும் பெயர். பெட்டியில் பணம் இருக்கிறது என்று மகிழ்ந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி செல்லாத நோட்டாக இருப்பது போன்றது இது.

கட்டுண்ட குளோரின் எங்கிருந்து வருகிறது? நம் உடலிலிருந்து வருகிறது. வியர்வையில் யூரியாவும் அம்மோனியாவும் உண்டு. சிறுநீரில் மிகுதியும் உண்டு. குளோரின் இவற்றுடன் சேர்ந்து குளோரமின் என்னும் சேர்மங்களாக மாறுகிறது. அவற்றுள் ஒன்றில் ஒரு நைட்ரஜன் அணுவை மூன்று குளோரின் அணுக்கள் சூழ்ந்திருக்கும். டிரைகுளோரமின் எனப்படும் அது நீரில் தங்காது, ஆவியாகி மேலெழும். குளத்து நெடி என்று நாம் சொல்வதும், கண்ணைக் கரிக்கச் செய்வதும், தொண்டையைப் பிடிப்பதும் பெரும்பாலும் அதுவே. நல்ல முறையில் பேணப்படும் குளத்தில் போதிய குளோரின் இருந்தும் நெடி மிகச் சிறிதே இருக்கும். நெடி மிகுந்தால் குளோரின் கூடிவிட்டது என்று உலகம் நினைக்கிறது. பெரும்பாலான வேளைகளில் உண்மை அதற்கு நேர்மாறானது, தனிக் குளோரின் போதவில்லை என்பதே.

இங்கே ஒன்றைச் சொன்னால் தாய்மார்கள் சிரிப்பீர்கள். கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உணவில் சேர்க்கும் ஒரு செயற்கை இனிப்புப் பொருள் உடலில் செரிக்காமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும். குளத்து நீரில் அதன் அளவைக் கண்டால் சிறுநீரின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். 8,30,000 லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் 75 லிட்டர் சிறுநீர் இருக்கும் என்று கணக்கு வந்தது! முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கும் இதில் பங்குண்டு.

நம் குளத்துக்கு இன்னும் இரண்டு தீவினைகள் சேர்ந்திருந்தன. வெயிலுக்கு அஞ்சி, நல்லெண்ணத்துடன் ஈராண்டுகளுக்கு முன் குளத்தின்மேல் கூரை அமைத்தோம். மழைச்சாரல் படாதிருக்கப் பக்கங்களிலும் திரை கட்டினோம். வெயிலுக்கும் காற்றுக்கும் குளோரமினைச் சிதைத்து விரட்டும் ஆற்றல் உண்டு. இரண்டையும் நாமே தடுத்துவிட்டோம். நீந்துகிறவனின் மூக்கு நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. ஆவி தேங்குவதும் அங்கேதான். பெல்ஜிய நாட்டில் ஆல்பிரெட் பெர்னார்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கூரையிட்ட குளங்களில் நீந்தும் பள்ளிக் குழந்தைகளின் நுரையீரலை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். இவ்வாவிக்கும் இளைப்பு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒருமுகமாக ஒப்பவில்லை. ஆயினும் ஏற்கெனவே இளைப்புள்ள குழந்தையை இந்த ஆவி வருத்தும் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, நீரின் காரத்தன்மை. அமிலமா காரமா என்பதைப் பி.எச். என்னும் எண்ணால் அளக்கிறோம். 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இவ்வெண்ணில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளோரினை நீரில் கலந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியைக் கொல்லும் வீரன் அதுதான். நீர் காரமாகுந்தோறும் அந்த வீரன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, ஹைப்போகுளோரைட்டு என்னும் சோம்பேறியாக மாறிவிடுகிறான். பி.எச். 7.2 ஆக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வீரர், 7.5இல் பாதிக்குப் பாதி, 8.2இல் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் இயல்பாகவே கடினமானது. நாள்தோறும் இடும் பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் உண்டு. ஆகவே பி.எச். நாளுக்கு நாள் ஏறியது. நாங்கள் அதை அளக்கவே இல்லை. நம் கண்ணீரின் பி.எச். ஏறக்குறைய 7.4. நீர் அந்த அளவிலிருந்து எந்தப் பக்கம் வெகுதூரம் விலகினாலும் கண் கரிக்கும்.

என் சொற்படி குளோரினைப் பாதியாக்கியபின் என்ன நடந்தது? நெடி குறையவில்லை. நான்காம் நாள் நீர் மங்கலாயிற்று. ஆறாம் நாள் சுவரைத் தொட்டால் வழுக்கியது. ஆழப் பகுதியில் பச்சை தட்டியது. அடுத்த வாரத்தில் பதினொரு குழந்தைகளுக்குக் கண்நோய். வீட்டிலிருந்த தம்பி தங்கையருக்கும் அது தொற்றியது. காதுவலியால் துடித்தவர் நால்வர். அவர்களுள் ஒருத்தி என் பேத்தி. "தாத்தா, நீங்கள்தானே தண்ணீருக்கு மருந்து சொன்னீர்கள்?" என்று அவள் கேட்டாள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. குளத்தால் வரும் காதுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான நுண்ணுயிரும், கண்நோயை உண்டாக்கும் வைரசும் போதிய தனிக் குளோரின் உள்ள நீரில் நெடுநேரம் பிழைத்திருக்க மாட்டா. நான் அதைப் பாதியாக்கியிருந்தேன்.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லாக் கிருமிகளும் குளோரினுக்கு அஞ்சுவதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, தனிக் குளோரின் ஒரு பங்குள்ள நீரிலும் பத்து நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆகவே வயிற்றுப்போக்குள்ள குழந்தையை, அது எவ்வளவு அழுதாலும், குளத்துக்கு அனுப்பாதீர்கள். நின்றபின்னும் சில நாட்கள் பொறுங்கள். இதற்கு இரசாயனத்தில் எளிய மாற்று இல்லை.

அதன்பின் நான் பழைய ஆலைக்குச் சென்று, அங்குள்ள இளைஞர்களிடம் டி.பி.டி. வில்லைகளுள்ள சோதனைப் பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். இதில் முதல் வில்லை தனிக் குளோரினுக்கு மட்டும் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். அதே குழாயில் மற்றொரு வில்லையை இட்டால் மொத்தக் குளோரின் தெரியும். கழித்தால் கட்டுண்டது எவ்வளவு என்று தெரியும். மே மாதத்தில் நான் முதன்முதல் மஞ்சள் நிறம் பார்த்த அன்று எடுத்த நீர்மாதிரி இப்பொழுது இல்லை. ஆனால் அப்பொழுதும் நிலை இவ்வாறே இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய அளவிலேயே குளோரினை மீண்டும் இரண்டு நாள் இட்டபின் அளந்தேன். மொத்தம் 2.1. தனிக் குளோரின் 0.3. கட்டுண்டது 1.8. பி.எச். 8.2.

தனிக் குளோரின் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. கட்டுண்டது அரைப் பங்கைத் தொட்டாலே செயலில் இறங்கவேண்டும். நம் குளமோ தலைகீழாக நின்றது.

பரிகாரம் விந்தையானது. கண் எரிகிறது என்று அழும் குளத்துக்கு இன்னும் பன்மடங்கு குளோரின் இடவேண்டும்! கட்டுண்ட குளோரினைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு குளோரினை ஒரே மூச்சில் சேர்த்தால், குளோரமின் முழுதும் சிதைந்து நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும். அரைமனத்துடன் சிறிது சிறிதாகச் சேர்த்தால் தொல்லைதான் மிகும். முதலில் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும் என்றேன். கோடையில் 1,60,000 லிட்டருக்கு மேல் நீரா என்று குழுவில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. வீடுகளுக்கே ஒருவேளைதான் நீர் வந்துகொண்டிருந்தது. அவர்கள் கேட்டது நியாயமே. வெளியேற்றும் நீரைக் குடியிருப்பின் மரங்களுக்கு விடுவது என்று முடிவாகி, மூன்று இரவுகளில் மாற்றினோம். கட்டுண்டது 1.2 ஆக இறங்கியது. பத்து மடங்கு என்றால் 12 பங்கு. 5 லட்சம் லிட்டருக்கு 6 கிலோ குளோரின். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கே பயன்படும் குளோரின். ஆகவே 18 கிலோ தூள். பழைய மூட்டையாயின் கணக்கு பொய்த்துவிடும். ஈரக்காற்றுப் பட்டால் அதன் வீரியம் போய்விடுகிறது. தூளைப் பீப்பாய் நீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், தெளிந்த நீரை மட்டும் இரவில் ஊற்றவேண்டும். அதற்கு முன்பே பி.எச்.ஐ அமிலத்தால் 7.5க்கு இறக்கியிருக்கவேண்டும்.

அந்த அமிலத்தில்தான் என் இரண்டாவது தவறு நிகழ்ந்தது.

தொலைபேசியில் ஊழியரிடம், "மாலையில் அமிலத்தைச் சேர்த்துவிடுங்கள், நிறைய நீரில் சிறிது சிறிதாக விடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். "வேறு வாளியில்" என்று சொல்லவில்லை. அவர் நாள்தோறும் தூள் கரைக்கும் அதே வாளியில், தரைமட்டத்துக்குக் கீழேயுள்ள பம்பு அறையில் நின்று அமிலத்தை ஊற்றியிருக்கிறார். வாளியின் அடியில் ஒரு கைப்பிடி தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் பிறப்பது குளோரின் வாயு. காற்றைப் போல் இரண்டரை மடங்கு எடையுள்ள அது மேலே போகாது, பள்ளத்திலேயே தேங்கும். அவர் படியேறி வெளியே வந்து விழுந்தார். நல்ல வேளையாகக் காவலாளி பார்த்தார். ஓரிரவு பிராணவாயு வைத்தார்கள். ஒரு வாரம் இருமினார். இறையருளால் நலமுடன் மீண்டார். நான் மருத்துவமனைக்குச் சென்றபொழுது, "ஸாஹப், கல்தி மேரீ ஹை" என்று தம்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். அவருக்கு எழுத்தில் ஒரு வரி கற்பிக்காமல் பதினான்கு ஆண்டுகள் அமிலத்தையும் தூளையும் கையில் கொடுத்தவர்கள் நாம். பழி அவருடையதன்று.

தாய்மார்களே, இது குளத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் வீட்டுக் குளியலறையில் கறை போக்கும் அமிலமும், தரை வெளுக்கும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேரக் கொட்டினால் நன்றாக வெளுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒருபொழுதும் செய்யாதீர்கள்.

மறுநாள் நானே உடனிருந்து அமிலம் சேர்த்து, இரவில் குளோரின் இட்டோம். விடியற்காலையில் சோதித்த இளைஞர் ஓடிவந்து, "மாமா, குளோரின் பூஜ்யம்! நிறமே வரவில்லை" என்றார். மேலும் தூள் கரைக்க ஆயத்தமாகிவிட்டார். இதுவும் ஒரு பொறி. குளோரின் அளவுக்கு மிஞ்சினால் அது வில்லையின் சாயத்தையே வெளுத்துவிடும்; மிகுதி வெறுமையாகத் தோன்றும். அந்நீரைப் பத்து மடங்கு நல்ல நீரில் கலந்து பார்த்தால் உண்மை தெரியும். கலந்து பார்த்தோம், சிவந்தது. இரண்டு நாள் திரைகளைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் தனிக் குளோரின் 2; கட்டுண்டது 0.2, பி.எச். 7.5. தரையில் பதித்த கறுப்புக் கோடு, கரையில் நின்று பார்த்தால் நூல் பிடித்தாற்போல் தெரிந்தது. நெடி இல்லை.

இனி, சில அன்பர்கள் என்னிடம் தனித்தனியே கேட்டவற்றுக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

வில்லையாக வரும் குளோரினை வாங்கலாமே, எளிதாயிற்றே என்றார் ஒருவர். அவ்வில்லையில் குளோரினுடன் சயனூரிக் அமிலம் என்னும் பொருளும் உண்டு. வெயில் குளோரினைச் சிதைக்காமல் காப்பது அதன் வேலை. திறந்தவெளிக் குளத்துக்கு அளவோடு அது நன்மை செய்யும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. பத்துப் பங்கு குளோரின் இட்டால் ஆறு பங்கு இது சேரும். சேரச் சேரக் குளோரினின் கையைக் கட்டிப்போடும். நீரை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் நமக்குக் குடை எதற்கு?

மகளின் கூந்தல் பச்சையாயிற்று, குளோரினா காரணம் என்றார் ஓர் அம்மையார். அன்று. பாசியைக் கொல்ல முன்பெல்லாம் மயில்துத்தம் போட்டுவந்தார்கள். அதிலுள்ள செம்பு மயிரில் படிந்து தரும் நிறம் அது. மயில்துத்தத்தை நிறுத்தியிருக்கிறோம்.

அமிலம் கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டவருக்கு: 1982இல் அமெரிக்காவில் விர்ஜினியா மாநிலத்தில், ஒரே குளத்தில் பயிற்சி பெற்ற போட்டி நீச்சல்காரர் சிலருக்குப் பல்லின் மேற்பூச்சு கரைந்திருப்பதைப் பல் மருத்துவர் கண்டனர். குளத்தை அளந்தார்கள், பி.எச். 2.7. அநேகமாக எலுமிச்சைச் சாற்றில் நீந்திக்கொண்டிருந்தார்கள்! அச்சங்கத்தின் நீச்சல் அணியினரில் 100க்கு 39 பேருக்குப் பல் தேய்ந்ததற்கான அறிகுறிகள் இருந்தன. நீந்தாத உறுப்பினரில் 100க்கு 3 பேருக்குத்தான். வாயுவாகக் குளோரினைச் செலுத்தும் குளத்தில் அமிலம் பெருகும். நம் போன்ற பிளீச்சிங் பவுடர் குளத்தில் காரம் பெருகும். ஒருவர் மருந்து மற்றவருக்கு ஆகாது. பி.எச். 7.2க்குக் கீழே இறங்கினால் அந்தப் பொல்லாத டிரைகுளோரமினும் மிகுதியாக உண்டாகும்.

இத்தகைய தவறுகள் நம் போன்ற சிறு குடியிருப்புகளில்தான் நேரும் என்று வருந்தவும் வேண்டாம். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் பந்தயங்களின்போது, பாய்ச்சல் குளத்து நீர் உலகமே தொலைக்காட்சியில் பார்க்க ஒரே இரவில் பச்சையாயிற்று. அடுத்த குளமும் அப்படியே ஆயிற்று. ஆட்டக்காரர்கள் கண் எரிகிறது என்றார்கள். பின்னர்த் தெரிந்தது, யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்கள். பெராக்சைடும் கிருமிகொல்லி, குளோரினும் கிருமிகொல்லி; இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பாசிக்குக் கொண்டாட்டம். அவர்களும் ஒரு குளத்தின் நீரை முழுவதும் மாற்றித்தான் மீண்டார்கள்.

நீந்துமுன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்துவிட்டு இறங்குங்கள் என்ற பலகையைக் குளத்தில் மூன்று மொழிகளில் எழுதிவைத்திருக்கிறோம். தமிழில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருப்பதைக் கண்டு பிற மொழியினர் காரணம் கேட்டார்கள். "தலையில் எண்ணெயுடன் இறங்காதீர்" என்பதே அவ்வரி. நம் வீட்டுப் பிள்ளைகளின் தேங்காயெண்ணெய் குளத்து விளிம்பில் அரை அங்குலப் பட்டையாகப் படிந்து, வடிகட்டி மணலையும் கட்டியாக்கிவிட்டிருந்தது. சனிக்கிழமைகளில் நிலைமை மிக மோசம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

நான் முன்னே சொன்ன அந்தப் பத்து வயதுச் சிறுமி இன்னும் குளத்துக்குத் திரும்பவில்லை. அவள் தந்தையார் இந்த அவையில் இருக்கிறார். சென்ற மே மாதம் அவர் என்னிடம், "நீங்கள் படித்தவர், நீங்கள் சொன்னால் சரி" என்றார். நான் அளக்காமல் சொன்னேன். உங்கள் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவளை அனுப்புங்கள் என்று இன்றும் சொல்லமாட்டேன். அதை அவளுடைய மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்யவேண்டும். ஆனால் சங்கத்தின் செலவில் நமக்கென்றே ஒரு டி.பி.டி. பெட்டி வாங்கியிருக்கிறோம். திரைகளை நிலையாக அகற்றிவிட்டோம். அமிலத்துக்குச் சிவப்பு வாளி, தூளுக்கு வெள்ளை வாளி. அவற்றுக்குத் தனித்தனி அறைகள். காலையும் மாலையும் அளந்த எண்களைக் குளத்து வாயிலில் கரும்பலகையில் ஊழியரே தம் கையால் எழுதுகிறார். எழுதக் கற்றுக்கொண்டது இந்தக் குளிர்காலத்தில்தான்.

அளப்பதற்கு இன்னும் நான்கு பேர் தேவை. இரசாயனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிறம் தெரிந்தால் போதும். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்டியுடன் குளத்தருகே இருப்பேன். அந்த அன்பர் தம் மகளுடன் வந்து, நீரில் இறங்காவிட்டாலும், வில்லையைத் தம் கையால் இட்டுப் பார்த்தால் மகிழ்வேன்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னிருந்து சைகை செய்கிறார்கள்.